நாடு பிரிந்தது, பாட்டு பிரியவில்லை

அன்னை தெரேசா 1910ஆம் ஆண்டு பிறந்த ஊர் ஸ்கோப்யே என்பதை நாம் அறிவோம். அவ்வூர் பின்னாளில் யூகோஸ்லாவியா என்னும் நாட்டைச் சேர்ந்திருந்தது. இன்று அப்பெயரில் ஒரு நாடு இல்லை. ஸ்கோப்யே வட மாசிடோனியாவின் தலைநகரம். மறைந்துபோன அந்த நாட்டின் பாப், ராக் பாடல்கள் மட்டும் மறையவில்லை. அவற்றைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம். ராக் என்றாலே முகம் சுளிக்கும் பெரியோர் சற்றுப் பொறுத்தருள்க!

ஆறு குடியரசுகள் இணைந்த அந்நாட்டில் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், இஸ்லாமியர் ஆகியோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். அது பொதுவுடைமை நாடுதான். ஆயினும் 1948இல் மாஸ்கோவுடன் உறவு முறிந்த பிறகு, மேலைநாட்டு இசைக்கு அங்கே கதவு திறந்தது. ஸாக்ரெப் நகரின் யூகோடோன் நிறுவனம் மேலைநாட்டாரின் இசைத்தட்டுகளோடு உள்நாட்டு இளைஞரின் இசைத்தட்டுகளையும் வெளியிட்டது.

ஆங்கிலப் பாட்டை அப்படியே பார்த்துப் பாடியதோடு அவர்கள் நின்றிருந்தால் நாம் எழுத ஒன்றுமில்லை. 1974இல் சராயேவோவில் தோன்றியது 'பியெலோ டுக்மே' குழு. 'வெள்ளைப் பொத்தான்' என்று பொருள், வேடிக்கையான பெயர்தான்! அதன் தலைவர் கோரான் பிரெகோவிச்சின் தந்தை குரோஷியர், தாய் செர்பியர். அவர் மின்கிடாரின் முழக்கத்தோடு நாட்டுப்புற மெட்டுகளைக் கலந்தார். 'ஆட்டிடையர் ராக்' என்று சிலர் கேலி செய்தனர். எங்களுக்கோ அதுவே அதன் சிறப்பாகத் தோன்றுகிறது. 1977 ஆகஸ்டில் பெல்கிரேடில் அவர்கள் நடத்திய இலவசக் கச்சேரிக்குப் பல்லாயிரம் பேர் திரண்டனர். 1983இல் வந்த இசைத்தட்டில் அல்பானிய மொழியிலும் ஒரு பாட்டு இருந்தது.

1981இல் மூன்று பெல்கிரேடு குழுக்கள் சேர்ந்து பாடிய புகழ்பெற்ற இசைத்தட்டை வெளியிட்டது ஸாக்ரெபின் யூகோடோன்தான். 1989இல் 'ரீவா' குழு யூரோவிஷன் போட்டியில் வென்றது.

பிறகு போர் மூண்டது. 1991 ஜூலை 28 அன்று சராயேவோவின் ஸெட்ரா அரங்கில் பல குழுக்கள் கூடி அமைதிக்காகப் பாடின. 1992 மார்ச்சில் பெல்கிரேடு கலைஞர்கள் லாரி மீது நின்று, போர் வேண்டாம் என்று பாடியபடி தெருத்தெருவாகச் சென்றனர். பாட்டு போரைத் தடுக்கும் என்று பேச்சுப் போட்டியில் முழங்குவது எளிது. அங்கே தடுக்கவில்லை. அடுத்த மாதமே சராயேவோ முற்றுகையிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் நடந்த அதே ஸெட்ரா அரங்கம் குண்டுகளால் சிதைந்தது. அதன் மர இருக்கைகளைச் சவப்பெட்டிகள் செய்ய எடுத்தார்கள். ரசிகர்கள் அமர்ந்து பாட்டுக் கேட்ட இருக்கைகள்!

போர் ஓய்ந்தபின் 1998இல், செர்பியாவின் நோவி சாத் நகரப் பாடகர் ஜோர்ஜே பலாஷெவிச் சராயேவோவுக்கு வந்து பாடினார். அந்த நகரத்தைச் சுட்டவர்களின் நாட்டிலிருந்து வருவதற்கும் துணிவு வேண்டும். அவரை வரவேற்பதற்கும் பெரிய மனம் வேண்டும். 2005இல் பியெலோ டுக்மே மீண்டும் கூடி, சராயேவோ, ஸாக்ரெப், பெல்கிரேடு ஆகிய மூன்று தலைநகரங்களிலும் பாடியது.

2021 பிப்ரவரியில் பலாஷெவிச் காலமானார். நோவி சாத் நகரில் மட்டுமன்று, எல்லைக்கு அப்பால் ஸாக்ரெபிலும் சராயேவோவிலும் மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, அவர் பாடல்களைத் தாமே பாடினர்.