செல்லுக்குள் நுழையும் கார்பன் பந்து: ஆபத்தா, இல்லையா? கம்ப்யூட்டர் மாடல் சொல்வது என்ன?

2004-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நானோ தொழில்நுட்பத் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஃபுல்லரீன் என்ற கார்பன் நானோ துகள் கலந்த தண்ணீரில், லார்ஜ்மவுத் பாஸ் வகை மீன்களை 48 மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். மீன்களின் மூளையில் இருந்த கொழுப்பு, ஆக்சிஜனேற்றத்தால் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறிகள் தெரிந்தன.

அப்படின்னா மனிதர்களின் செல்லுக்குள் இது போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி கம்ப்யூட்டருக்குள் இருந்து வந்தது.

ஃபுல்லரீன் என்றால் என்ன?

60 கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு குட்டிக் கால்பந்து. கால்பந்தில் இருப்பது போலவே 12 ஐங்கோணங்கள், 20 அறுகோணங்கள். 1985-ல் இதைக் கண்டுபிடித்த ஹெரால்டு குரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்டு ஸ்மாலி ஆகியோர் 1996-ல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். அழகு க்ரீம்கள் முதல் சோலார் செல் ஆராய்ச்சி வரை ஃபுல்லரீன் குடும்பத்துக்கு வேலை இருக்கிறது.

இதன் விட்டம் சுமார் 1 நானோமீட்டர். செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமனோ 4 முதல் 5 நானோமீட்டர்.

கம்ப்யூட்டர் எதற்கு?

செல் சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். உள்பக்கம் எண்ணெய் மாதிரி, தண்ணீரோடு சேராது. இவ்வளவு சின்ன பந்து அதற்குள் நுழைவதை, உயிருள்ள செல்லில் அணு அணுவாகப் படம் பிடிப்பது மிகவும் கடினம்.

அங்கேதான் 'மாலிக்யூலர் டைனமிக்ஸ்' கைகொடுக்கிறது. சிம்பிளா சொன்னால், ஒவ்வொரு அணுவின் மீதும் எவ்வளவு விசை செயல்படுகிறது என்று கணக்கிட்டு, அதை நியூட்டனின் விதிப்படி கொஞ்சம் நகர்த்த வேண்டும். பிறகு மறுபடியும் கணக்கு, மறுபடியும் நகர்வு. ஒரு நொடியை 5 கோடி கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரே ஒரு பங்குதான் ஒரு நகர்வுக்கான நேரம். ஒரு மைக்ரோ நொடியில் நடப்பதைப் பார்க்கவே 50 கோடி தடவை கணக்குப் போட வேண்டும்!

இந்தச் சுமையைக் குறைக்க ஒரு வழி, ஏறத்தாழ 4 அணுக்களைச் சேர்த்து ஒரே மணியாக எடுத்துக்கொள்வது. 'மார்ட்டினி' என்ற மாடல் இப்படித்தான் வேலை செய்கிறது.

2008-ல் தெரிந்தது என்ன?

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகமும் தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழில் வெளியானது. மாதிரிச் சவ்வை வைத்து நடத்திய அந்தக் கணக்கீட்டில் மூன்று விஷயங்கள் தெரிந்தன.

* தண்ணீரில் ஃபுல்லரீன்கள் வேகமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன.

* அந்தக் கட்டி மைக்ரோ நொடிகளிலேயே சவ்வுக்குள் போய்விடுகிறது. உள்ளே போனதும் பந்துகள் தனித்தனியாகப் பிரிகின்றன.

* அளவு அதிகமானால் சவ்வின் அமைப்பும் நெகிழ்ச்சியும் மாறுகின்றன. ஆனால், சவ்வைக் கிழிக்கும் அளவுக்கு இல்லை.

அப்போ ஃபுல்லரீன் சேஃபா?

இந்த ஆய்வை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஃபுல்லரீன் சவ்வை இயந்திரம் போலக் கிழித்திருக்குமோ என்ற சந்தேகத்தைத்தான் இது பலவீனமாக்கியது. மீன்களில் பார்த்ததோ ஆக்சிஜனேற்றம், அதாவது வேதிவினை. மார்ட்டினி மாதிரியான மாடலில் வேதிப் பிணைப்புகள் உடைவதோ புதிதாக உருவாவதோ கிடையாது. மாடலில் இல்லாத ஒன்று, விடையிலும் வராது.

அந்தப் பக்கத்தை ஆய்வகம்தான் பார்க்க வேண்டும். மீன் ஆய்வில் ஃபுல்லரீனைத் தண்ணீரில் கலக்க, டெட்ராஹைட்ரோஃபுரான் என்ற கரைப்பானைப் பயன்படுத்தியிருந்தார்கள். 2007-ல் ஜீப்ரா மீன் குஞ்சுகளை வைத்து நடந்த ஆய்வு, இந்த முறையில் தயாரித்த கலவையின் நச்சுத்தன்மைக்கு அந்தக் கரைப்பான் சிதைந்து உருவாகும் பொருள்களே காரணம் என்று காட்டியது. பழி சுமந்தது ஃபுல்லரீன்!

எல்லா கார்பனும் ஒன்றா?

இல்லை. நீளமான கார்பன் நானோகுழாய்களின் கதை வேறு. அவை எலிகளின் உடலில் கல்நார் இழை போன்ற பாதிப்பை ஏற்படுத்துவதாக 2008-ல் ஓர் ஆய்வு எச்சரித்தது. 2011-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் மைக்ரோஸ்கோப்பையும் கம்ப்யூட்டர் மாடலையும் சேர்த்துப் பார்த்தது. உருண்டையான நுனியைத் தொடும் செல், அதை ஒரு சின்ன பந்து என்று ஏமாந்து விழுங்கத் தொடங்குகிறது. குழாய் நீளம் என்பதால் முழுசா விழுங்க முடியாமல் திணறுகிறது.

2014-ல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு குறிப்பிட்ட வகை நானோகுழாயை மட்டும் 'மனிதர்களுக்குப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது.

ஆக, 'கார்பன் நானோ துகள் ஆபத்தானது' என்றோ, 'பாதுகாப்பானது என கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது' என்றோ செய்தி வந்தால், இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த வடிவத் துகள்? அந்த மாடல் எதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை?