ஒரு நிமிஷக் காட்சி

மலாக்கா மாநிலத்து ரெம்பியா வட்டாரத்திலே, ஊடகப் பாடத்திற்காக ஒரு நிமிஷக் காட்சியைப் படம் பிடிக்கக் கைபேசியோடு புறப்படும் மாணவர்கள், மேன்மையான ஒரு கலையின் முதல் அப்பியாசத்தைத் தொடங்குகிறார்கள். 1895-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிஷமே ஓடின.

ரப்பர் தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள்கணக்கெடுக்கும் அதிகாலைப் பெரட்டைப் பற்றிப் பாட்டி சொல்ல, பேரன் கேட்டிருக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் நடுவே ஒரு கோடு கிடப்பதாகப் பாவித்து, காமிரா எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், எதிரெதிரே பேசுகிறவர்கள் ஒரே திசையை நோக்குவதுபோலத் தோன்றிவிடும். பிறகு, பால்வெட்டு உளியைப் பிடித்துத் தழும்பேறிய பாட்டியின் விரல்களையும், மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விழும் ரப்பர் பாலையும் அருகே சென்று தனித்தனியே எடுத்துக் கோத்தால், வசனம் சொல்லாத சரித்திரத்தைப் பிம்பம் சொல்லும்.

தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005), சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) ஆகிய மலேசியத் தமிழ்ப் படங்கள், தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய பின்னும் அம்மக்கள் வாழ்ந்த ஜீவியத்தையே கருப்பொருளாக்கின. பின்னது 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த மலேசியப் படமாயிற்று. தோட்டங்கள் மறைந்துவரும் இக்காலத்தில், பாட்டிமாரின் ஞாபகங்களைக் காப்பாற்றும் பாக்கியம் இந்தச் சிறு கரங்களுக்கே வாய்த்திருக்கிறது.