வேப்பமரத்தில் நாரை வீடு!

குழந்தைகளே, உங்கள் வீட்டு வேப்பமரத்தில் காக்கை கூடு கட்டியிருக்கும். அணில் ஓடியிருக்கும். மூன்றடி உயர நாரை கூடு கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கூந்தன்குளத்துப் பிள்ளைகளுக்கு அது தினமும் பார்க்கிற காட்சி!

திருநெல்வேலி மாவட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். சுற்றிலும் வயல், பனைமரம், செம்மண். ஊரை ஒட்டிப் பெரிய குளம். மழைநீரோடு மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து குளம் நிறையும். அது நிறைந்தால் போதும், மார்கழி, தை மாதங்களில் விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள்.

வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது. வழியில் 7,000 மீட்டருக்கும் மேலே பறக்குமாம்! பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். இவை இரண்டும் இங்கே கூடு கட்டுவதில்லை. இரை தேடி வந்து, திரும்பிவிடும்.

கூடு கட்டுபவர்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் முக்கியமானவர்கள். குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல், ஊருக்குள் இருக்கும் வேம்பு, புளி மரங்களிலும் குடியேறிவிடுகிறார்கள். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே பை தொங்கும். குஞ்சு அந்தப் பைக்குள் தலையை நுழைத்து மீனைத் தின்னும். நாரையோ, வெயில் ஏறினால் குஞ்சுகளுக்குக் குடை போலச் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும். தன் காலைக் குளிர்விக்க அது என்ன செய்யும் தெரியுமா? காலிலேயே எச்சமிடும்! சிரிக்காதீர்கள். அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூடு குறைகிறது. நமக்கு வியர்வை, அதற்கு எச்சம்.

இத்தனை பறவைகள் வீட்டு முற்றத்தில் இருந்தால் எப்படி இருக்கும்? இரவு பகலாகச் சத்தம். மீன் நாற்றம். கொடியில் காயும் வேட்டியில் வெள்ளைக் கோலம். ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் பறவைகளை விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்ல காலம் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கையோடு ஒரு கணக்கும் உண்டு: மரத்தடியில் சேரும் எச்சம் வயலுக்கு நல்ல உரம். இந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பெரியவர்களை விடுங்கள், பட்டாசு வேண்டாம் என்று இருக்கிற அந்தப் பிள்ளைகளைத்தான் நான் பாராட்டுவேன்!

பலத்த காற்று அடித்தால் குஞ்சுகள் கூட்டிலிருந்து விழும். விழுந்த குஞ்சைத் தாய் தூக்கிச் செல்லாது. அப்படிப்பட்ட குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்தவர் இந்த ஊரைச் சேர்ந்த பால்பாண்டி. அவரும் அவர் மனைவியும் அவற்றைப் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். 'பறவை மனிதர்' என்றே அவருக்குப் பெயர் வந்தது.

1994ஆம் ஆண்டு இந்த இடம் பறவைகள் சரணாலயமானது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் 'ராம்சர்' பட்டியலில் சேர்ந்த செய்தி 2022இல் வந்தது. ஆனால் பட்டியல் குளத்தை நிரப்பாதே! நாரை முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்கப் பழக மூன்று மாதம் ஆகும். அதுவரை குளத்தில் தண்ணீரும் மீனும் இருக்க வேண்டும். பாதியில் வற்றினால் கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் கதி? அதே தண்ணீரைத்தான் வயலும் எதிர்பார்த்து நிற்கிறது. மழை பொய்த்த வருடங்களில் பறவைகள் குறைந்துவிடும். ஊரே வெறிச்சென்று இருக்கும்.

போக ஆசையா? குளம் நிறைந்த வருடமாகப் பார்த்து, தை முதல் பங்குனிக்குள் போங்கள். காலை நேரம் நல்லது. உயரத்திலிருந்து பார்க்கக் கோபுரம் இருக்கிறது. சத்தம் போடக் கூடாது. மரத்தடியில் நிற்கும்போது மட்டும் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று போனால் தெரியும்!