வண்டியும் வண்டியிலுள்ள பொருளும்

மோட்டார்க் காரைக் காப்புறுதி செய்துவிட்டால், அதனுள் இருக்கும் பொருள்கள் யாவும் காப்புப் பெற்றுவிட்டன என்று எண்ணுவார் நம்மிற் பலர். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது. காப்புறுதிப் பத்திரம் பொதுவாகக் காப்பது வண்டியையும், அதனோடு பொருத்தப்பட்ட உறுப்புக்களையுமேயாம். பின்னிருக்கையில் வைத்த கணினிக்கும், பெட்டியில் மடித்து வைத்த கூறைச் சேலைக்கும் அப்பத்திரத்தில் இடமில்லாதிருத்தல் கூடும். இவ்வுண்மை விபத்து நேர்ந்த பின்னரே பலர்க்கும் தெரியவருகின்றது. முன்னரே அறிந்திருத்தல் நலமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கமாக விளக்க முற்படுகின்றோம்.

ஓர் உதாரணங் கொள்வோம். இசை பயிலும் மாணவி ஒருத்தி, தன் தாய்மாமன் ஓட்டும் காரில், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கச்சேரியின் பொருட்டுச் செல்கின்றாள். வழியில் லொறி ஒன்றோடு கார் மோதுகின்றது. இறையருளால் எவர்க்கும் காயமில்லை. ஆனால் அவளுடைய வீணை உடைந்துவிட்டது. அவ்வீணைக்கு ஈடு செய்ய வேண்டியவர் யாவர்?

முதலாவதாக, சட்டம் கட்டாயப்படுத்தும் காப்புறுதியை நோக்குவோம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி எவ்வாகனமும் தெருவில் ஓடலாகாது என விதிக்கின்றது. எனினும் அச்சட்டம் வற்புறுத்துவது பிறருடைய உயிரிழப்பு, உடற்காயம் என்பன பற்றிய பொறுப்பையேயாம். ஆகவே கட்டாயக் காப்புறுதி ஒன்றையே நம்பி வீணைக்கு ஈடு கேட்டல் இயலாது.

இரண்டாவதாக, மாமன் தம் காருக்கு முழுமைக் காப்புறுதி செய்திருக்கலாம். அதனாற் கார் திருத்தப்படும். பிறர் சொத்துக்கு விளைத்த சேதத்துக்கும் ஓர் எல்லைவரை ஈடு கிடைக்கும். வீணை மாமனுக்குரியதன்று, மருமகளுக்குரியது. ஆதலால் அதுவும் பிறர் சொத்தன்றோ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் இத்தகைய பத்திரங்களில் வழமையாக ஒரு விலக்கு உண்டு. காப்புறுதி செய்தவர்க்கோ அவர் வீட்டார்க்கோ உரிய பொருள், அவருடைய பொறுப்பில் இருந்த பொருள், அவ்வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட பொருள் என்பன 'பிறர் சொத்து' என்னும் கணக்கிற் சேரா. ஆகவே தவறு மாமனுடையதாயினும் அவருடைய கம்பனி வீணைக்குப் பணந் தராது என்றே பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டும். பயணப் பொருள்களுக்கெனத் தனியே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருப்பின் நிலைமை வேறாம்.

மூன்றாவதாக, தவறு லொறிச் சாரதியுடையதாயின், நட்டத்தை அவரிடமிருந்து கோருதற்கு நம் நாட்டின் உரோம டச்சுச் சட்டம் இடமளிக்கின்றது. கவனயீனத்தாற் பிறர் பொருளைக் கெடுத்தவன் அதன் பெறுமதியை ஈடு செய்தல் வேண்டும் என்பது, பண்டை உரோமரின் அக்குவிலியச் சட்டத்தின் வழிவந்த விதி. சாரதி தம் தொழிலின்போது இவ்வாறு செய்தாரெனின், அவரை வேலைக்கமர்த்தியவரும் பொறுப்பாளராவர். லொறியின் காப்புறுதி பிறர் சொத்துச் சேதத்தையும் உள்ளடக்கியிருப்பின் அதன் கம்பனியே எல்லைத் தொகைவரை கொடுக்கலாம். ஆனால் இத்தகைய வழக்கினை இரண்டு ஆண்டுகளுள் தொடர வேண்டும் என்பது 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். பொருளுக்குரியவர் மீதும் ஓரளவு தவறு உண்டெனின், அவ்வளவுக்கு ஈட்டுத்தொகை குறைக்கப்படும்.

நான்காவது வழி, பொருளையே காப்புறுதி செய்வதாம். வீட்டுப் பொருட் காப்புறுதி சாதாரணமாக வீட்டினுள் இருக்கும் பொருளையே காக்கும். வெளியே கொண்டு செல்லும் பொருளுக்கும் அதனை விரிவாக்குமாறு கேட்டு, இசைக்கருவி, புகைப்படக் கருவி, நகை முதலியவற்றைப் பெயரும் பெறுமதியுங் குறித்துச் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு செய்திருப்பின், தவறு யாருடையது என்ற வினாவுக்கு விடை காணும்வரை மாணவி காத்திருக்க வேண்டியதில்லை. கம்பனி அவளுக்கு ஈடு செய்துவிட்டு, அவளுடைய உரிமையைத் தான் ஏற்று, லொறிக்காரரிடம் அறவிடும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். இங்கிலாந்தில் 1930 ஆம் ஆண்டுச் சட்டமும் உடற்காயத்தையே கருதியது. 1988 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சொத்துச் சேதத்துக்கும் காப்புறுதி கட்டாயமாயிற்று. அங்குள்ள முழுமைப் பத்திரங்கள் பல, காரிலுள்ள சொந்தப் பொருளுக்குச் சிறு தொகையொன்றைத் தருகின்றன. பணமும் வியாபாரச் சரக்கும் பெரும்பாலும் விலக்கப்படும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ, ஒருவர் தம்மீது தவறில்லாத அளவுக்குக் காரின் சேதத்தோடு அதிலிருந்த பொருள்களின் சேதத்தையும் தம் கம்பனியிடமே பெறும் முறை உளது. 2024 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அப்பிரிவை வேண்டாமென விடுதற்கும் இடமுண்டு. கட்டுப்பணத்தைக் குறைக்க விரும்பி அதனை விடுவோர், எதனை இழக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, கிடைக்கும் தொகை பற்றிச் சிறிது கூறுவோம். காப்புறுதி இழப்பை ஈடு செய்வதேயன்றி இலாபந் தருவதன்று. இத்தத்துவத்தை 1883 இல் ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் காஸ்ரலெயின் எதிர் பிரெஸ்ரன் என்னும் வழக்கில் உறுதியாக நிலைநாட்டியது. ஆதலின் பழைய பொருளுக்கு, பத்திரம் வேறுவிதமாகக் கூறினாலன்றி, தேய்மானங் கழித்த பெறுமதியே கிடைக்கும். ஒரே நட்டத்துக்கு இருவரிடம் இருமுறை பெறுதலும் ஆகாது. பெறுமதியைக் குறைத்துக் காட்டுதலும் தீங்காய் முடியலாம். 4 இலட்சம் ரூபாப் பெறுமதியான பொருள்களை 2 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்தவர்க்கு, 1 இலட்சம் ரூபா நட்டம் நேரின், விகிதாசார விதியுள்ள பத்திரத்தில் 50,000 ரூபாவே கிடைக்கும்.

விபத்து நேர்ந்தபின் செய்ய வேண்டியவை சிலவே. உடைந்த பொருளை இருந்த நிலையிலேயே படம் எடுத்தல் வேண்டும். கம்பனியார் பார்வையிடுமுன் அதனை எறிந்துவிடலாகாது. பொலிசாரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் வண்டியின் சேதத்தோடு பொருளின் சேதத்தையும் குறிப்பிடுதல் அவசியம். கம்பனிக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. தெருவோரத்தில் எதிர்த்தரப்பார் காரின் சேதத்துக்குச் சிறு தொகை கொடுத்து, 'இனி யாதொரு கோரிக்கையும் இல்லை' என எழுதிக் கேட்பின், பொருள்களைக் கணக்கிடாது கையொப்பமிடலாகாது. அவ்வொரு வரியோடு வீணைக்குரிய உரிமையும் போய்விடக்கூடும்.

வண்டிக்கு ஆண்டுதோறும் கட்டுப்பணம் செலுத்தும் நாம், பத்திரத்தை ஒருமுறையேனும் முழுவதும் வாசித்தல் வேண்டும். 'என் வண்டியிற் செல்லும் பொருள் இதில் அடங்குமா?' என்று முகவரைக் கேட்டு, விடையை எழுத்திற் பெறுதல் வேண்டும். அதற்குச் செலவாவது அரைமணி நேரமே. வண்டியைத் திருத்தத் தொழிலாளர் உளர்; ஆண்டுக்கணக்காகக் கைபழகிய வீணைக்கு நிகரானதைத் தேடிப் பெறுதல் எளிதன்று. ஈட்டுத்தொகையும் இல்லையாயின் அத்தேட்டமும் அவ்வீட்டார்க்கு எட்டாததாகிவிடும்.