உங்களுக்குத் தெரியுமா? ஈயக் கவசமே எக்ஸ்ரே கக்கும்!

எக்ஸ்ரே அறையில் நம்மைக் காக்கும் ஈயம், விண்வெளியில் தானே எக்ஸ்ரேவை உண்டாக்கிவிடும்! பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் பட்டைகளில் பாய்ந்து திரியும் எலெக்ட்ரான்கள், கனமான உலோகத்தில் மோதிச் சட்டென்று வேகம் குறைகின்றன. அப்போது இழக்கும் ஆற்றலில் ஒரு பகுதி எக்ஸ்ரேயாக வெளியேறுகிறது. செயற்கைக்கோளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு அதுவே ஆபத்து.

• தீர்வு, அடுக்குக் கவசம். வெளியே இருக்கும் அலுமினியம் எலெக்ட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும். அங்கே எக்ஸ்ரே அதிகம் பிறக்காது. பிறந்ததையும் உள்ளடுக்கிலுள்ள டான்டலம் விழுங்கிவிடும். குறைந்த எடையிலேயே பாதுகாப்பு கிடைப்பதால், கிராம் கணக்கில் எடை பார்க்கும் குட்டிச் செயற்கைக்கோளுக்கு இது பெரிய வரம்.

• இத்தகைய கவசத்தைச் சோதிக்கவே 2018 டிசம்பரில் நியூசிலாந்திலிருந்து ஏவப்பட்டது நாசாவின் ஷீல்ட்ஸ்-1. 10 செ.மீ. கனசதுரங்கள் மூன்றைச் சேர்த்த அளவுதான்!

• புரோட்டான்களைத் தடுப்பதில், அதே எடையுள்ள அலுமினியத்தைவிட பாலிஎத்திலீன் மேல். ஆம், பால் பாக்கெட் பிளாஸ்டிக்தான்! அதில் நிறைந்துள்ள ஹைட்ரஜனே காரணம்.

• காஸ்மிக் கதிரின் கனமான அணுக்கருக்கள் மெல்லிய கவசம் எதையும் துளைத்துவிடும். ஒரே துகள் பட்டு நினைவகத்தில் 0 என்பது 1 ஆகலாம். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவது பிழைதிருத்தக் குறியீடுகளின் வேலை.