மீனின் கலத்துள் ஒரு நஞ்சு

பற்களைக் காக்கும் புளோரைட்டு மீனுக்கு நஞ்சாகும் என்பதை அறிந்தோர் சிலரே. மனிதர் பருகும் நீரில் இலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கின்றது உலகச் சுகாதார நிறுவனம். மீனோ நீரிலேயே வாழ்வது. செவுள் வழியே அதனை ஓயாது உட்கொள்வது. கலத்தினுட் புகுந்த புளோரைட்டு மகனீசியத்தோடு சேர்ந்து, வெல்லத்திலிருந்து சக்தி பெறத் துணைபுரியும் ஈனோலேசு என்னும் நொதியத்தை முடக்குகின்றது. விறகிருந்தும் அடுப்பெரியாத வீட்டின் கதிதான்! மிகுதி எலும்பிற் படிகின்றது.

கல்சியம் மிக்க வன்னீரில் இக்கேடு குறையும், மென்னீரிலோ 0.5 மில்லிகிராமே தீங்கு செய்யவல்லது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், யோன் டே அணையருகே, அலுமினிய ஆலைக் கழிவால் 1982இல் புளோரைட்டு 0.3 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருந்தது. முட்டையிட மேலேறிய சல்மன் மீன்கள் அணையைக் கடவாது நாட்கணக்கிற் தயங்கின. கழிவைக் குறைத்தபின் அத்தாமதமும் குறைந்தது.