இதயத் துடிப்பு இயல்புக் கண்காணிப்பு

இதயத் துடிப்பு இயல்புக் கண்காணிப்பு என்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள குறைமாதக் குழந்தைகளின் இதயத் துடிப்பைக் கணினி மூலம் இடைவிடாது ஆராய்ந்து, செப்சிஸ் ஏற்படக்கூடிய ஆபத்தை ஓர் எண்ணாகக் காட்டும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராண்டல் மூர்மன், பமேலா கிரிஃபின் ஆகியோர் செய்த ஆய்வுகளிலிருந்து இது உருவானது. இம்முறையில் இயங்கும் கருவி 'ஹீரோ' எனப்படுகிறது.

தேவை

செப்சிஸ் என்பது நோய்த்தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை. 1,500 கிராமுக்கும் குறைவான எடையுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு இது பெரும் உயிராபத்து. மூச்சு நின்று நின்று வருதல், பால் செரிக்காமை, சோர்வு போன்ற அறிகுறிகள் தெளிவாகத் தெரியும்போது நோய் முற்றியிருக்கலாம். இரத்தக் கல்ச்சர் சோதனையின் முடிவு வரவும் பொதுவாக ஒரு நாளுக்கு மேலாகும். அதேவேளை, ஐயம் எழும்போதெல்லாம் நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுப்பதும் தீங்கானது.

செயல்படும் விதம்

நலமான குழந்தையின் இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் சிறிதுசிறிதாக மாறிக்கொண்டே இருக்கும். செப்சிஸ் வெளிப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே இந்த மாறுபாடு குறைந்து, துடிப்பு அவ்வப்போது சற்று நேரம் மந்தமாகி மீள்வது உண்டு. வழக்கமான திரை சராசரித் துடிப்பை மட்டும் காட்டுவதால் இம்மாற்றம் கண்ணில் படுவதில்லை.

இதற்கெனக் குழந்தையின் உடலில் புதிய உணரி எதுவும் பொருத்தப்படுவதில்லை. ஏற்கெனவே பதிவாகும் இசிஜி தரவே போதும். முந்தைய 12 மணி நேரத் தரவைக் கொண்டு ஒவ்வொரு மணி நேரமும் எண் புதிதாகக் கணிக்கப்படுகிறது. எண் 1 என்றால் ஆபத்து சராசரி அளவில் உள்ளது. 3 என்றால், அடுத்த 24 மணி நேரத்தில் செப்சிஸ் வரும் வாய்ப்பு சராசரியைப்போல மூன்று மடங்கு.

மருத்துவ ஆய்வு

அமெரிக்காவின் 9 சிகிச்சைப் பிரிவுகளில் 3,003 குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. எல்லாக் குழந்தைகளும் கண்காணிக்கப்பட்டனர். ஆனால் குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பாதியினரின் எண் மட்டுமே மருத்துவர்களுக்குக் காட்டப்பட்டது. எண்ணைக் கண்டபின் என்ன செய்யவேண்டும் என்ற விதி எதுவும் வகுக்கப்படவில்லை. எண் காட்டப்படாத குழுவில் இறப்பு 10.2 விழுக்காடு, காட்டப்பட்ட குழுவில் 8.1 விழுக்காடு. அதாவது, 48 குழந்தைகளுக்கு ஓர் உயிர் கூடுதலாகக் காக்கப்பட்டது.

வரம்புகள்

இந்த எண் நோயை உறுதிசெய்வதில்லை. அறுவை சிகிச்சை, மூச்சுக் கோளாறு, விழித்திரைப் பரிசோதனை, சில மருந்துகள் ஆகியவற்றாலும் அது உயரலாம். தொற்று இருந்தும் உயராமல் போவதும் உண்டு. பின்னாளில் சில மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, எண் உயர்ந்த பல வேளைகளில் இரத்தத் தொற்று இல்லை எனத் தெரிந்தது. எனவே எண் உயர்ந்தால் முதலில் செய்யவேண்டியது குழந்தையை நேரில் பரிசோதிப்பதே. கல்ச்சர் எடுப்பதா, மருந்து தொடங்குவதா, காத்திருப்பதா என்பதை அதன்பின் மருத்துவரே முடிவுசெய்கிறார். எண் உயரவில்லை என்பதற்காக, அறிகுறி உள்ள குழந்தைக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.